டாலாவில் ஒரு நாளைக்கு நாலு பை

ஊரில் இருக்கும் பெரியவர் ஒருவருக்குக் கிட்னி போய்விட்டது என்று போன் வந்தால், வெளிநாட்டில் இருக்கும் நாம் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். மாசம் எவ்வளவு அனுப்பணும்? எங்கள் வீட்டிலும் அப்படித்தான். தேவையான கேள்விதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பணம் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் யார் என்ன செய்கிறார்கள், அவர்களுக்கு யார் எப்படிக் கற்றுக்கொடுத்தார்கள் என்பதில்தான் மனுஷன் பிழைப்பது இருக்கிறது. இதை எங்கள் குடும்பம் டாலாவில் பார்த்தது.

டாலா தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். யாங்கோன் நகரத்துக்கு நேர் எதிரே, ஆற்றின் தென்கரையில் இருக்கிறது. பான்சோடான் துறையில் ஏறினால் ஜப்பான்காரர்கள் கொடுத்த ‘செர்ரி’ படகு பத்து நிமிஷத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். வடகரையில் மாடிக் கட்டடங்கள், தென்கரையில் ஓலைக் கூரை, மண் ரோடு, சைக்கா வண்டி. வெள்ளைக்காரன் காலத்தில் ஐராவதி ஃப்ளோட்டில்லா கம்பெனியின் கப்பல் பட்டறை இங்கேதான் இருந்தது. என் தாத்தா அதில் வேலைக்குச் சேர்ந்தவர். 1962-இல் ராணுவம் வந்து, 1964-இல் கடைகளும் கம்பெனிகளும் அரசுடைமையானபோது நம் ஜனங்கள் லட்சக்கணக்கில் கப்பலேறிப் போனார்கள். சென்னையின் பர்மா பஜார் அப்படி வந்ததுதான். எங்கள் தாத்தா போகவில்லை. அப்பா பிறகு கப்பல் வேலைக்குப் போய் சிங்கப்பூரில் தங்கிவிட்டார். நான் இங்கே வளர்ந்தவள். சித்தப்பாவும் சித்தியும் டாலாவிலேயே இருக்கிறார்கள்.

சித்தப்பாவுக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை. 2022-இல் இரண்டு கிட்னியும் கைவிட்டன. யாங்கோனில் ஓர் ஆஸ்பத்திரியில் மெஷின் டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். வாரத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு நாலு மணி நேரம் என்பதுதான் உலகம் முழுக்க வழக்கமாக எழுதப்படும் அளவு. சித்தப்பாவுக்குக் கிடைத்தது இரண்டு. காலையில் சைக்கா, படகு, பிறகு டாக்ஸி. அங்கே போய் முறைக்காகக் காத்திருக்க வேண்டும். நாலு மணி நேரம் ரத்தம் வெளியே போய்த் திரும்பி வந்த உடம்போடு மறுபடி அதே வழி. மழைக்காலத்தில் படகின் இரும்புப் பலகை வழுக்கும். ஒரு தடவை இறங்கும்போது தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். “நோயில சாகறேனோ இல்லையோ, ஜெட்டியில சாவேன்”னு அப்பாவிடம் சொல்லிச் சிரித்தாராம்.

மெஷினை வீட்டிலேயே வைத்துக்கொள்ள முடியாதா என்று அப்பா கேட்டார். பணக்கார நாடுகளில் வைத்துக்கொள்கிறார்கள், உண்மைதான். ஆனால் டாலாவில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. காரணம் தண்ணீர். வழக்கமான மெஷினில் நிமிஷத்துக்கு அரை லிட்டர் கரைசல் ஓடுகிறது. நாலு மணி நேரத்துக்கு 120 லிட்டர். அதைச் சுத்திகரித்து எடுக்க அதைவிட அதிகமான தண்ணீர் உள்ளே போகணும். டாலாவில் ஆறு இருக்கிறது, ஆனால் உப்பு ஏறிய ஆறு. கோடை வந்தால் குளத்துத் தண்ணீரைத் தகர டின்னில் மொண்டு, தோளில் காவடி மாதிரி கட்டித் தூக்கிக்கொண்டு வரும் ஊர் அது.

தண்ணீர் விஷயம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 1996 பிப்ரவரியில் பிரேசிலின் கருவாரு நகரத்தில் ஒரு டயாலிசிஸ் மையம். லாரியில் வந்த நீர்த்தேக்கத் தண்ணீரில் நீலப்பச்சைப் பாசியின் நச்சு இருந்தது. சரியாகச் சுத்திகரிக்காமல் அது மெஷினுக்குப் போய், நோயாளிகளின் ரத்தத்தில் கலந்து, ஈரல் கெட்டு 50 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். நாம் குடிக்கும் தண்ணீரில் ஏதாவது இருந்தால் குடல் ஓரளவு தடுக்கும். டயாலிசிஸில் அந்தத் தடுப்புச் சுவர் இல்லை. ஒரு மெல்லிய சவ்வுதான் நடுவில். உங்கள் அப்பாவோ மாமாவோ போகிற மையத்தில் டிவி இருக்கா, ஏசி இருக்கா என்று பார்ப்பதற்கு முன்னால், தண்ணீரை எப்போது பரிசோதித்தீர்கள், ரிப்போர்ட்டைக் காட்டுங்கள் என்று கேட்கலாம். நல்ல மையம் கோபித்துக்கொள்ளாது.

மிச்சம் இருந்த வழி வயிற்று டயாலிசிஸ். சி.ஏ.பி.டி. என்பார்கள். நம் வயிற்றுக்குள் குடலைச் சுற்றி ஒரு சவ்வு இருக்கிறது. அதையே வடிகட்டியாகப் பயன்படுத்துவது. தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆபரேஷன் செய்து மெல்லிய குழாய் வைப்பார்கள். சர்க்கரை கலந்த 2 லிட்டர் கரைசலை அந்தக் குழாய் வழியே உள்ளே விட்டுவிட்டு நாலைந்து மணி நேரம் நம் வேலையைப் பார்க்கலாம். அதற்குள் கழிவும் அதிகப்படி நீரும் அந்தக் கரைசலில் சேர்ந்துவிடும். பிறகு வடித்துவிட்டுப் புதுசு விடணும். நாளைக்கு நாலு தடவை, தடவைக்கு அரை மணி நேரம். மெஷின் வேண்டாம், கரண்ட் வேண்டாம். பை மேலே ஆணியில் தொங்கும், காலிப் பை கீழே பேசினில் கிடக்கும், மிச்ச வேலையைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். கரைசல் மூடிய பையில் வருவதால் ஊர்த் தண்ணீர் கை கழுவ மட்டும்தான்.

என் வேலை சாஃப்ட்வேர். பெரிய சிஸ்டம்களில் எது எப்போது உடையும் என்று கணக்குப் போடுவதுதான் எனக்குச் சம்பளம். அந்தப் புத்தியில் ஒரு கணக்குப் போட்டேன். நாளைக்கு நாலு என்றால் வருஷத்துக்கு 1,460 தடவை குழாயைத் திறந்து மூடணும். ஒவ்வொரு தடவையும் கிருமி உள்ளே போக ஒரு வாசல். உள்ளே போனால் வயிற்றுச் சவ்வில் தொற்று, உயிருக்கே ஆபத்து. இந்தச் சிகிச்சைக்கான உலக மருத்துவர் சங்கமான ஐ.எஸ்.பி.டி. 2022-இல் ஓர் அளவு வைத்திருக்கிறது. ஒரு மையத்தின் நோயாளிகளுக்குச் சராசரியாக ஆளுக்கு வருஷத்துக்கு 0.4 தொற்றுக்கு மேல் வரக்கூடாது. அதாவது இரண்டரை வருஷத்தில் ஒன்று. 3,650 தடவை மாற்றினால் ஒரு தடவைதான் தவறலாம். எங்கள் டீமில் இந்த அளவு ஒழுங்குக்கு எத்தனை இயந்திரம், எத்தனை அலாரம் வைக்கிறோம்! அங்கே சித்தியின் இரண்டு கை மட்டும்தான்.

சித்தி பள்ளிக்கூடம் போனதில்லை. தமிழ் பேசுவார், கடைத்தெரு பர்மீஸ் பேசுவார், இரண்டும் எழுதப் படிக்கத் தெரியாது. சித்தப்பாவுக்குச் சர்க்கரையால் பார்வை மங்கல், விரல் நுனியில் உணர்ச்சி குறைவு. ஆக, கற்றுக்கொள்ள வேண்டியவர் சித்திதான். “நான் என்ன டாக்டரா நர்ஸா, இதெல்லாம் என்கிட்ட குடுக்கறீங்க?”ன்னு வைபரில் என்னிடம் அழுதார்.

அப்போது நான் அவருக்கு ஒரு கதை சொன்னேன். 1964-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் பள்ளிக்கூடம் படிக்கிற ஒரு பொண்ணுக்குக் கிட்னி போய்விட்டது. அப்போது மெஷின் ரொம்பக் குறைவு. யாருக்குக் கொடுப்பது என்று ஒரு கமிட்டி முடிவு செய்யும். சின்ன வயசு என்று அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. அவள் அப்பாவுக்குத் தெரிந்த ஆல்பர்ட் பாப் என்ற அணுப் பொறியியல் பேராசிரியரும் அவருடைய ஆட்களும் நாலைந்து மாதத்தில் வீட்டில் வைக்கிற மாதிரி ஒரு மெஷின் செய்தார்கள். அதை ராத்திரி ராத்திரி ஓட்டியது யார் தெரியுமா, அந்தப் பொண்ணோட அம்மா. வீட்டு டயாலிசிஸ் தொடங்கிய காலத்திலேயே அது ஓர் அம்மாவின் கையில் இருந்தது. சித்தி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்தம்மா படிச்சவங்களா இருக்கும்”னு சொன்னார். அதற்குப் பதில் எனக்கு வரவில்லை.

பத்து நாள் லீவு போட்டுப் போனேன். ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்தவர் ஒரு நர்ஸ். பர்மாவில் நர்ஸையும் ‘ஸயாமா’ என்றுதான் கூப்பிடுவார்கள், டீச்சர் என்று அர்த்தம். ஐ.எஸ்.பி.டி. இதற்கென்று ஒரு பாடத்திட்டமே வைத்திருக்கிறது. ஒருவருக்கு ஒருவர் என்று உட்கார்ந்து கற்றுக்கொடுக்கணும், நாள் கணக்கு முடிந்ததென்று அனுப்பக்கூடாது, தானே செய்து காட்டி, பிரச்சினை வந்தால் என்ன செய்வாய் என்ற கேள்விக்குப் பதில் சொன்ன பிறகுதான் வீட்டுக்கு அனுப்பணும் என்பது அதன் சாரம். அந்த ஸயாமா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவர். பயிற்சிக்கென்று வைத்திருந்த குழாயில் சித்தியைத் திரும்பத் திரும்பச் செய்யவைத்தார்.

ஃபேனை நிறுத்து, ஜன்னலை மூடு. முகமூடி போடு. பையில் தேதி பார், எத்தனை சதவீதம் பார், கசிவு இருக்கா, கலங்கலா என்று பார். கையைக் கழுவு, துடை. குழாயின் முனையைத் திறந்தபின் அந்த முனை எதன் மீதும் படக்கூடாது. முதலில் வடி. பிறகு புதுக் கரைசலில் கொஞ்சம் விட்டுக் குழாயை அலசு. அப்புறம் நிரப்பு. முடிந்ததும் புது மூடி. பழைய மூடியைத் திரும்பப் போடாதே.

‘ஏப்ரல் மாசத்தில் யாங்கோனில் ஃபேனை நிறுத்தணுமா?’ என்று நான் முகம் சுளித்தேன். “அதுக்குத்தான் கரண்ட்காரன் இருக்கானே”ன்னார் சித்தப்பா.

சித்திக்குச் சிக்கியது ஒரே இடத்தில். ‘முனை எதிலும் படக்கூடாது’ என்பதை ஸயாமா பர்மீஸில் ‘சுத்தம்’ என்ற சொல்லை வைத்தே சொன்னார். சித்தி முனை பட்டுவிட்டால் சட்டென்று ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டுத் தொடர்ந்தார். சுத்தம் செய்தாச்சே! மூன்றாவது நாள் அவரே என்னிடம் கேட்டார்: “பாப்பா, இது எச்சில் மாதிரியா? பட்டுச்சுன்னா பட்டதுதான், கழுவினாலும் சாமிக்கு வைக்க முடியாதே, அப்படியா?” ஆமாம் சித்தி, அதேதான். அதற்குப் பிறகு அவர் கை மாறிவிட்டது. காளி கோயில் படையலுக்குப் பாத்திரம் தூக்குகிற அதே நிதானம். நான் ஸயாமாவுக்கு அதை விளக்கினேன். அவர் ‘எச்சில்’ என்று உச்சரிக்கப் பழகிக்கொண்டு, சித்தி தடுமாறும்போதெல்லாம் அந்த ஒரு தமிழ் வார்த்தையைச் சொல்வார்.

அச்சடித்த வழிகாட்டியைத் தமிழில் பெயர்த்துத் தரலாம் என்று நினைத்துத்தான் லேப்டாப்போடு போயிருந்தேன். படிக்கத் தெரியாதவருக்கு அது எதற்கு? பதிலாகச் சித்தியின் கைகளையே வீடியோ எடுத்தேன், அவர் வீட்டில், அவர் ஆணியில், அவர் பேசினில். ஸயாமா பார்த்துச் சரி என்று சொன்ன ஒரு முறையை மட்டும் போனில் வைத்திருக்கிறார். கலங்கலைக் கண்டுபிடிக்க, வடித்த பைக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்து எழுத்து தெரிகிறதா என்று பார்ப்பது வழக்கம். சித்தி அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார். முருகன் காலண்டரில் ராகுகாலம் போட்டிருக்கும் பொடி வரி. “படிக்கத் தெரியாது, ஆனா வரி வரியா தெரியுதில்ல.”

முதல் ஆறு மாதம் ஒன்றுமில்லை. படகும் மயக்கமும் போய், சித்தப்பா மறுபடி சாயங்காலம் டீக்கடையில் உட்கார ஆரம்பித்தார். சாப்பாடும் கொஞ்சம் விட்டுக் கிடைத்தது. மெஷினில் இருந்தபோது தடுத்த வாழைப்பழம் இப்போது அளவோடு உண்டு. வயிற்றுக் கரைசலில் புரதம் வெளியேறுவதால் முட்டை, மீன் கட்டாயம். ஙப்பி மட்டும் கிடையாது, அது முழுக்க உப்பு. அதற்கு இன்றுவரை சண்டை நடக்கிறது.

ஏழாவது மாதம், ஒரு ராத்திரி பத்து மணிக்கு, காலண்டர் வரி தெரியவில்லை. வடித்த தண்ணீர் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி. கடைசிப் படகு போயாச்சு. சித்தி அலறவில்லை. பையைக் கொட்டாமல் எடுத்து வைத்தார், போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார், ஆனால் எனக்காகக் காத்திருக்காமல் முதலில் வார்டுக்குத்தான் போன் செய்திருந்தார். காய்ச்சலோ வாந்தியோ வந்தால் சம்பான் பிடித்தாவது உடனே வா, இல்லையென்றால் முதல் படகு, அந்தப் பையைக் கையோடு கொண்டு வா என்றார்கள். விடிகிற வரை நான் சிங்கப்பூரில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலையில் பையைப் பரிசோதனைக்கு எடுத்து, மருந்தை நரம்பில் ஏற்றாமல் வயிற்றுக் கரைசலிலேயே கலந்து விட்டார்கள். இரண்டு வாரம். பிழைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அந்த ஸயாமா செய்ததுதான் எனக்குத் தரம் என்பதன் அர்த்தம். திட்டவில்லை. “முதல்லேருந்து ஒரு தடவை செய்ங்க, நான் பேசாம பாக்கறேன்” என்றார். சித்தி எல்லாம் சரியாகத்தான் செய்தார். கை கழுவினார், விரல் இடுக்கு, மணிக்கட்டு எல்லாம். கழுவிவிட்டு, வீட்டிலிருந்து கொண்டு வந்திருந்த துண்டில் துடைத்தார். வீட்டில் ஆணியில் தொங்குகிற, எல்லாரும் துடைக்கிற துண்டு. சித்தியின் கணக்கில் அது துவைத்த துண்டு, எச்சில் இல்லை. எச்சில் என்ற சொல் அவரைப் பெரும் தூரம் கொண்டுவந்தது, அந்தத் துண்டு வரை கொண்டுவரவில்லை. அதுதான் காரணமென்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றும் ஸயாமா சொன்னார். ஆனால் அன்றிலிருந்து காகிதத் துண்டு, அதன் மேல் கைக்கு ஆல்கஹால் திரவம்.

சீனாவில் நடந்த ஓர் ஆய்வில், சிகிச்சை தொடங்கி ஆறு மாதம் கழித்து நோயாளிகள் பை மாற்றுவதைக் கவனித்தபோது ஏறக்குறைய பாதிப் பேர் கை கழுவும் முறையைச் சுருக்கிவிட்டிருந்தார்கள். அதனால்தான் தொற்று வந்தாலும், ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தாலும், கையோ கண்ணோ தளர்ந்தாலும் மறுபயிற்சி கொடுக்கணும் என்கிறார்கள். பயிற்சி தடுப்பூசி இல்லை, ஒருமுறை போட்டு மறக்க. சமையலில் நமக்கும் அப்படித்தானே, அம்மா சொன்ன பக்குவம் வருஷம் போகப் போகச் சுருங்கிவிடும்.

இன்னொரு விஷயத்தை யாரும் முன்னாடியே சொல்லவில்லை. எடை. மாதத்துக்கு 120 பை, ஒவ்வொன்றும் 2 லிட்டர். 240 கிலோவுக்கு மேல். அதைப் படகில் ஏற்றி, இறக்கி, சைக்காவில் வைத்து, ஈரம் படாமல் பலகை மேல் அடுக்கி, சித்தி பெட்டி பெட்டியாக சாக்பீஸ் கோடு போட்டுக் கணக்கு வைத்திருக்கிறார். நாளைக்கு எட்டுப் பிளாஸ்டிக் பை குப்பை வேறு. தாய்லாந்தில் 2008-இல் அரசு வயிற்று டயாலிசிஸை முதல் வழியாக வைத்தபோது பைகளைத் தபால் துறை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது. ஹாங்காங் 1985-லிருந்தே இந்த வழியில் போகிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இந்தப் பைகளை வீட்டுக்கே கொடுப்பதும் அடக்கம். உங்கள் சொந்தம் தமிழ்நாட்டில் இருந்தால், கையிலிருந்து செலவழிக்கும் முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதை விசாரியுங்கள். டாலாவில் எங்களுக்கு ஒரு சைக்காக்காரர்தான் தபால் துறை.

இது எல்லாருக்கும் ஏற்ற வழி என்று நான் சொல்ல வரவில்லை. வயிற்றில் பெரிய ஆபரேஷன் நடந்தவர்களுக்கு முடியாமல் போகலாம். செய்து கொடுக்க ஆளில்லாத வீட்டில் மையமே நல்லது. ஆனால் டாக்டர் மெஷின் என்றதும் தலையாட்டாமல், வயிற்று வழி இவருக்கு ஆகுமா என்று ஒரு வாய் கேட்கலாம். ஆகும் என்றால் அடுத்து, பயிற்சி யார் கொடுப்பார்கள், எந்த மொழியில், வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா, ராத்திரி போன் எடுப்பார்களா, உங்கள் மையத்தில் வருஷத்துக்கு எத்தனை தொற்று என்று. கடைசிக் கேள்விக்கு எண்ணாகப் பதில் சொல்கிற மையம் என்றால் அங்கே யாரோ கணக்கு வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நமக்கும் சேர்த்து ஒன்று: சிங்கப்பூரில் புதிதாகக் கிட்னி செயலிழக்கிறவர்களில் மூன்றில் இரண்டு பேருக்குக் காரணம் சர்க்கரை. முப்பதுகளில் இருக்கிற நாம் வருஷம் ஒருமுறை சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம், பெரிய செலவில்லை.

என் மகளுக்கு ஒன்பது வயசு. தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டுதான் போகணும். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் சின்னத் தாத்தாவுக்கு வைபரில் போன் போடுவது அவள் பொறுப்பு. “தாத்தா, தண்ணி தெளிவா இருக்கா? எவ்வளவு வடிஞ்சுது?” என்று கேட்டு நோட்டில் எழுதுவாள். ‘தெளிவு’, ‘கலங்கல்’, ‘வடி’ எல்லாம் அவள் பாடப் புத்தகத்தில் இன்னும் வராத சொற்கள். 2 லிட்டர் விட்டு 2.3 வந்தால் நல்லது என்று அவளுக்குத் தெரியும். 2-க்குக் குறைந்தால் என்னைக் கூப்பிடுவாள். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, சித்தி சொல்லிக்கொடுத்தார்.

வயிற்றுச் சவ்வும் வருஷக்கணக்கில் சர்க்கரைக் கரைசல் பட்டுப் பட்டு ஒரு நாள் களைத்துப்போகும். அப்போது மறுபடி மெஷினுக்குத்தான் போகணும், படகேறித்தான். மெஷினுக்காக இடது கையில் ரத்தக் குழாய்களை இணைத்து வைத்த ஃபிஸ்டுலா இன்னும் உயிரோடு இருக்கிறது. ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கி அதைக் காப்பாற்றி வருகிறார் சித்தப்பா. தினம் காலையில் முதல் பை மாற்றுவதற்கு முன் மணிக்கட்டுக்கு மேலே விரலை வைத்துப் பார்ப்பார். உள்ளே சுர்ரென்று ஓடணும். விரலில் உணர்ச்சி குறைவு என்பதால் தனக்குத் தெரிகிறதா என்று சந்தேகம் வந்துவிடும். அப்போது சித்தியைக் கூப்பிட்டுக் கையை நீட்டுவார்.